அலுங்காமல்

நான்கு சக்கரங்களையும் கழற்றிவிட்டு அடியில் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்த காரைப் பார்க்கச் சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்தவர் ஒருவரை உடுப்பு இல்லாமல் பார்த்துவிட்ட மாதிரி. முகத்தைத் திருப்பி வொர்க்ஷாப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. இரண்டு மணிக்கு மயிலாத்தாளுக்கு ட்ரிப்ஸ் முடியும். மற்ற நாட்களில் ரேடியேஷன் அறையில் கரண்ட் வைத்துக் கால் மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு எலும்புக்கென்று ஒரு மருந்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏற்ற வேண்டும், கூட ஆள் வேண்டியதில்லை என்று நர்ஸ் சொன்னதுமே அவருக்குத் தோன்றியது இதுதான்: அதற்குள் காரின் குலுக்கலைத் தாங்குகிற ஷாக்கப்சரை மாற்றிவிடலாம். பெண்டாட்டி கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது மனுஷனுக்குத் தோன்றுகிற யோசனையைப் பார். ஆனால் தோன்றியதற்கு அவர் என்ன செய்வார், ஆறு நாளாக அவர் மண்டைக்குள் வேறொன்றும் ஓடவில்லை. "டீ குடிச்சுப்போட்டு வர்றேன் புள்ள" என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மயிலாத்தாள் கண்ணை மூடியபடியே, "மெதுவா வாங்க, நான் எங்க போகப் போறேன்" என்றாள். சும்மா சொன்னதுதான். அவர் சந்தைக்குக் கிளம்பினாலும் சாவடிக்குக் கிளம்பினாலும் முப்பத்தைந்து வருஷமாக அவள் சொல்கிற அதே பேச்சு. இன்றைக்கு மட்டும் லிப்டில் இறங்கும்போது அது காலில் சிக்கிக்கொண்டது. நான் எங்க போகப் போறேன். எங்கே போகப் போகிறாள். லிப்டில் நின்ற வேறு யாரோ "கீழ வந்துருச்சுங்க, எறங்குங்க" என்றபிறகுதான் அவர் இறங்கினார்.

சக்கரங்களைக் கழற்றும் முன் மெக்கானிக் பீர்முகமது காரின் மூலையில் இரண்டு கையையும் வைத்து ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தான். கார் மேலே வந்தது, கீழே போனது, மறுபடி வந்தது, போனது. "எண்ணிக்குங்கண்ணா" என்றான். நல்ல ஷாக்கப்சர் என்றால் ஒரு தடவை மேலே வந்து நின்றுவிட வேண்டும். இது ஐந்து தடவை ஆடியது. எண்ணுவது சென்னியப்பனுக்குச் சொல்லித்தர வேண்டிய காரியமில்லை. முப்பத்திரண்டு வருஷம் பவானி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். தலையை எண்ணி எண்ணி, கோயிலில் நின்றால்கூட வரிசையில் எத்தனை பேர் என்று கண் தானாக எண்ணும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர், வேகத்தடை பதினொன்று. குழிகளைச் சேர்க்கவில்லை, அவை மழைக்கு மழை மாறும். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒன்று, ரவுண்டானா தாண்டி இரண்டு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரிசையாக மூன்று, வாய்க்கால் பாலத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, மில் வாசலில் ஒன்று, செக்போஸ்ட்டில் ஒன்று, கடைசியாக அவர்கள் தெருவில் யாரோ தாங்களே சிமெண்ட் குழைத்துப் போட்டுக்கொண்ட ஒன்று. ஒவ்வொன்றிலும் பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம் வரும். 'ம்' என்று. அழுகை இல்லை, முனகல்கூட இல்லை. கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரு 'ம்'. போகப் பதினொன்று, வரப் பதினொன்று, நாளைக்கு இருபத்திரண்டு. ராத்திரி படுத்தால் கூரையிலிருந்து அந்தச் சத்தம் இறங்கும். அவர் முதல் கியரில் போட்டு, எறும்பு ஏறுகிற மாதிரி ஏற்றி, எறும்பு இறங்குகிற மாதிரி இறக்கிப் பார்த்துவிட்டார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டுப் போவான், போகட்டும். குறுக்கே சாய்த்து ஏற்றிப் பார்த்தார். தலையணை இரண்டை மூன்றாக்கிப் பார்த்தார். 'ம்' குறையவில்லை.

"நாலும் போயிருச்சுங்கண்ணா. முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தலாமுங்களா?" என்று பீர்முகமது கேட்டபோது, "நாலும் மாத்து, நல்லதா போடு, பின்னாடி உக்கார்றவங்களுக்கு அலுங்கக் கூடாது" என்றார். "வீட்டுல உடம்பு சரியில்லீங்களா?" என்றான் அவன். "இடுப்பு வலி" என்றார் சென்னியப்பன். சொன்ன பிறகு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், சம்பந்தி வீட்டுக்குக்கூட அதையேதான், ஆனால் இந்த ஆளிடம் எதற்கு. இவன் யார், இன்றைக்குப் பார்த்தவன். நிஜத்தைச் சொன்னால் என்ன, இவன் என்ன ஊரில் தண்டோராப் போடப் போகிறானா. நிஜத்தைச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும், அந்த வார்த்தையை அவர் இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டாக்டர் சொன்னார், மகள் போனில் சொல்லி அழுதாள், மயிலாத்தாள் ஒரே ஒரு முறை, தெருவில் யாருக்கோ வந்தது மாதிரி, "அதுதானுங்களாமா?" என்று கேட்டாள். அவர் "இருக்காது, இருக்காது" என்றார். எல்லா ரிப்போர்ட்டும் கையில் வைத்துக்கொண்டு. ஜாக்கியின் கைப்பிடியை அவன் அடிக்க அடிக்க, கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. இடுப்பு வலி. ஆமாம், தை மாசம் அவளும் அதைத்தானே சொன்னாள்.

தை மாசம் கொடுமுடிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது. அதை நினைக்கக் கூடாது என்று இருந்தார், இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு எதை நினைப்பது. மகளும் மருமகனும் பின்னால், மயிலாத்தாள் முன்னால் அவருக்குப் பக்கத்தில். ஏதோ ஒரு குழியில் இறங்கி ஏறியதும் அவள் சொன்னாள், "ஏனுங்க, இந்தக் காரு என்ற இடுப்ப ஒடிக்குதுங்க. எதையாச்சும் மாத்தோணும்னா மாத்துங்களேன்." அதற்கு அவர் சொன்ன பதில் இருக்கிறதே. "முப்பத்திரண்டு வருசம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனவன் நானு. எனக்கு வராத இடுப்பு வலி, மகாராணியாட்ட உக்காந்துட்டு வர்ற உனக்கு வந்துருச்சாக்கும்?" மருமகன் சிரித்தான். மகள் சிரித்தாள். மயிலாத்தாளும்தான் சிரித்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. சிரிப்பு வந்துவிட்டதே என்று இவருக்குக் குஷி, அதே பேச்சை இன்னும் நாலு இடத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தார். கல்யாண வீட்டில், ஓய்வு பெற்ற டிரைவர் நண்பரிடத்தில், எங்கெல்லாம் ஆள் கிடைத்ததோ அங்கெல்லாம். அப்புறம் அவள் காரில் ஏறுவதையே விட்டுவிட்டாள். "பஸ்ஸுலயே போயிக்கிறனுங்க, அலுங்காமப் போவுது" என்றாள். அவருக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது, பார் கண்டக்டர் பெண்டாட்டியை என்று. ஒரு குஷன் வாங்கிக் கொடுத்தார். தைலம் வாங்கிக் கொடுத்தார். காரின் மேல் அவளுக்கு ஏதோ பகை என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஆடி மாசம் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியாமல் போய், படம் எடுத்து, அந்தச் சின்ன வயது டாக்டரம்மா, "எத்தனை நாளா வலி?" என்று கேட்டபோது மயிலாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள். இவர் முந்திக்கொண்டார். "காரு ஷாக்கப்சர் போயிருச்சுங்கம்மா, அதுல இருந்துதான்" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்பில் இரண்டு இடத்தில் பேனா முனையை வைத்தாள்.

இதில்தான் அவர் நினைப்பு ஒவ்வொரு முறையும் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். தை மாசமே இந்த வொர்க்ஷாப்புக்கு வந்திருந்தால். ஒரு காலை நேரத்து வேலை, இதோ மூன்று மணி நேரம்கூட இல்லை. மாற்றியிருந்தால் கார் சரியாகியிருக்கும், அவள் வலி சரியாகியிருக்காது. "காரு நல்லாத்தானுங்க ஓடுது, ஆனா வலி போவலீங்களே" என்று அவளே சொல்லியிருப்பாள். அப்போது சந்தேகம் வந்திருக்கும். மாசியிலேயே டாக்டரிடம் போயிருப்பார்கள். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. ஐந்து மாசம். அவர் ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் அவள் இறங்க வேண்டும் என்றுதான் எழுந்து நின்றிருக்கிறாள், இந்தக் கண்டக்டர் விசில் அடிக்கவில்லை. பழைய ஷாக்கப்சர் அல்லவா அவருக்கு வசதியாக இருந்தது, எல்லாப் பழியையும் அதன் தலையில் போட. ஒரு ஓட்டைக் கார் இல்லாமல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். சீச்சீ, என்ன நினைப்பு இது, பிழைத்திருப்பாள் என்றா நினைத்தார், இருக்கிறாளே, இருக்கிறாள், இந்த நிமிஷம் மூன்றாவது மாடியில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டு இருக்கிறாள். எழுந்து போய்க் குழாயில் முகத்தைக் கழுவினார். தண்ணீரில் பெட்ரோல் வாசனை அடித்தது.

"அந்தால தள்ளி உக்காருங்கண்ணா" என்று பீர்முகமது சத்தம் போட்டான். ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி நெருக்கிக்கொண்டிருந்தான். "தெறிச்சுதுன்னா ஆளக் கொண்டுபோயிரும்." ஸ்பானரைத் திருகத் திருகச் சுருள்கள் ஒன்றோடொன்று நெருங்கின. சென்னியப்பன் தள்ளி உட்கார்ந்தார், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நட்டு கழன்றதும் உள்ளேயிருந்து பழைய ஷாக்கப்சரை உருவித் தரையில் போட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெயிண்ட்கூடப் போகவில்லை. கையில் எடுத்து அந்தக் கம்பியை அமுக்கினார், சாதுவாக உள்ளே போயிற்று. போனது மேலே வரவில்லை. "உள்ள எண்ணெயே இல்லீங்க, பூராவும் கசிஞ்சு போச்சு. வெளிய ஒண்ணும் தெரியாது" என்றான் பீர்முகமது. சென்னியப்பன் அதைப் பட்டென்று கீழே வைத்தார். இதையும் அதையும் முடிச்சுப் போடக் கூடாது. இது இரும்பு. இதற்குக் கடையில் புதுசு கிடைக்கும், அட்டைப் பெட்டியில் போட்டு, வலது இடது என்று எழுதி. அவருக்குப் பயமாக இருந்தது. பஸ்ஸில் பிரேக் பிடிக்காமல் ஒருமுறை பாலத்து இறக்கத்தில் போனபோதுகூட இப்படி இல்லை. அன்றைக்கு விசிலாவது கையில் இருந்தது, அடித்துக்கொண்டே இருந்தார், எதிரே இருந்தவர்கள் ஒதுங்கினார்கள்.

பன்னிரண்டு இருபதுக்கு முன்பக்கம் இரண்டும் முடிந்தது. பீர்முகமது கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாற்றுவதைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கப்பா கெளம்பிட்டே?" "இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்கண்ணா. தொழுதுட்டு ஒண்ணேகாலுக்கெல்லாம் வந்துருவனுங்க." வெள்ளிக்கிழமை. ஆறு நாளாக அவருக்குக் கிழமை கிடையாது, ஒன்றாம் கரண்ட், இரண்டாம் கரண்ட் என்றுதான் கணக்கு. இன்றோடு ஆறு, மொத்தம் இருபது, பாக்கி பதினாலு. "ரெண்டு மணிக்கு நான் ஆஸ்பத்திரில இருக்கோணும். அவ அங்க தனியா கெடக்கறா" என்றார். குரல் அவருக்கே பிடிக்காத மாதிரி வந்தது. அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இருப்பீங்கண்ணா. பின்னாடி சுளுவு, அரை மணி நேரம்." வாசல் வரைக்கும் போனவன் திரும்பினான். "வீட்டுல பேரு என்னங்க?" "எதுக்கு?" "சும்மாதானுங்க. அல்லாகிட்ட கேட்டுட்டு வர்றேன்." சென்னியப்பன் பெயரைச் சொன்னார். மயிலாத்தாள். பள்ளிவாசலில் மயிலாத்தாள் என்று ஒரு பெயர் போய் நிற்கப்போகிறது. அவள் கேட்டால் சிரிப்பாள், அப்புறம் கையெடுத்துக் கும்பிடுவாள். அவன் போன பிறகு வொர்க்ஷாப்பில் ஒரு சத்தமும் இல்லை. கார் பின்பக்கம் கட்டையில் நின்றது. பின்பக்கம்தானே முக்கியம், அவள் உட்காருவது அங்கேதானே, முதலில் பின்பக்கத்தை மாட்டச் சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஐம்பத்தைந்து நிமிஷம் ஒரு மனுஷன் செய்ய ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. பின்கதவைத் திறந்து மூன்று தலையணைகளையும் தட்டித் தட்டிச் சரிசெய்தார். மறுபடி கலைத்துச் சரிசெய்தார். தைல வாசனை வந்தது. அந்த வாசனை இல்லாத தலையணை ஒன்று வீட்டில் இருக்கிறதா என்று யோசித்தார், இல்லை. நான் எங்க போகப் போறேன். தெருவில் ஒரு டவுன் பஸ் போனது, உள்ளே யாரோ விசில் அடித்தார்கள், இழுத்து அடித்தார்கள், புதுப் பையன்களுக்கு விசில் அடிக்கத் தெரிவதில்லை.

அவன் சொன்ன மாதிரியே ஒன்றேகாலுக்கு வந்தான். சொன்ன மாதிரியே அரை மணி நேரத்தில் முடித்தான். சக்கரங்கள் ஏறி, கார் மறுபடி கார் ஆகித் தரையில் நின்றது. "அமுக்கிப் பாருங்கண்ணா." சென்னியப்பன் பின்பக்க மூலையில், மயிலாத்தாள் உட்காரும் பக்கம், இரண்டு கையும் வைத்து உடம்பு பலம் அத்தனையும் போட்டு அமுக்கினார். கொஞ்சம்தான் இறங்கியது. கையை எடுத்தார். ஒரே முறை மேலே வந்து அப்படியே நின்றது. மறுபடி அமுக்கினார். ஒன்று. நின்றது. எட்டு மாசத்தில் முதல் முறையாக ஒரு காரியம் அவர் சொன்னபடி கேட்கிறது. அவனைக் கட்டிப்பிடித்திருப்பார், கையெல்லாம் கிரீஸ். "இனி அலுங்காதல்ல?" என்றார். பீர்முகமது ஸ்பானர்களை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னான். "மொதல்ல கொஞ்சம் வெறைப்பாத்தானுங்க இருக்கும். புதுசல்லங்களா. பழசு செத்துப்போனது, அதனால மெத்து மெத்துன்னு ஊஞ்சலாடும், பெரிய பள்ளத்துலதான் இடிக்கும். இது சின்னக் கல்லு ஏறுனாலும் கொஞ்சம் தெரியும். ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுச்சுன்னா பதத்துக்கு வந்துருமுங்க." ஐந்நூறு. கண்டக்டர் மூளை கேட்காமலே கணக்குப் போட்டது. போக வர முப்பத்தாறு. பாக்கி பதினாலு நாள். ஐந்நூற்று நாலு. கார் பதமாவதற்கும் கரண்ட் முடிவதற்கும் சரியாக இருக்கும். "அப்ப பழசையே மாட்டிருப்பா" என்றார். அவன் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தான். "நெசமாத்தான் சொல்றேன். பழசையே திரும்ப மாட்டிரு." அவன் சிரிப்பை நிறுத்தினான். தரையில் கிடந்த நான்கையும் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். ஒன்று ஐம்பது. "அண்ணா, அம்மா காத்திட்டிருப்பாங்க" என்றான்.

காத்துக்கொண்டுதான் இருந்தாள், கீழே வாசலில், சக்கர நாற்காலியில், கையில் பஞ்சு ஒட்டியபடி. அவர் சட்டையைப் பார்த்ததும், "எந்த டீக்கடையிலுங்க டீயில கிரீஸ் போடறாங்க?" என்றாள். ஷாக்கப்சர் நான்கும் மாற்றியதைச் சொன்னார், சொல்லாமல் எப்படி. "அதுக்குத்தான் போனீங்களா?" என்றாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை, அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. வார்டு ஆள் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாகப் பிடித்துப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். தலையணை வைத்தார். கதவைச் சத்தம் வராமல் அமுக்கிச் சாத்தினார். வொர்க்ஷாப்பிலிருந்து வரும் வழியில் இரண்டு இடத்தில் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் அவர் சீட்டுக்கு வந்து பேசியது, இருந்தாலும் அது முன்சீட்டு, பின்சீட்டில் அப்படி இருக்காது, வெறும் வண்டிக்கு ஒரு மாதிரி இருக்கும், பாரம் ஏறினால் அடங்கும், பஸ்ஸில் பார்த்ததில்லையா, காலி பஸ்தானே தூக்கிப்போடும். ஆஸ்பத்திரி வாசலில் முதல் வேகத்தடை. முதல் கியர். கிளட்சில் காலை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தார். முன்சக்கரம் ஏறியது, டக். இறங்கியது, டக். பின்சக்கரம். ஆட்டம் இல்லை, அசைவு இல்லை, ஓங்கிக் குட்டிய மாதிரி இரண்டே இரண்டு டக். அவர் காதைப் பின்னால் வைத்துக் காத்திருந்தார். 'ம்' வரவில்லை. இன்னும் காத்திருந்தார். வரவேயில்லை. ஆறு நாளில் முதல் முறையாக வரவில்லை. அவருக்குள் ஏதோ துள்ளியது. "எப்பிடி இருக்குது புள்ள?" என்றார். பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. "நல்லாருக்குதுங்க. அலுங்கவே இல்ல." வார்த்தை என்னவோ துணிக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. ரியர்வியூ கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்ததும் முந்தானையை வாயிலிருந்து எடுத்து, அதற்காகத்தான் எடுத்தாற்போல் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். "ஏனுங்க நிக்கறீங்க" என்றாள் மயிலாத்தாள். அப்புறம், கல்யாணம் ஆன புதிதில் அவரைக் கேலி செய்கிற குரலில், "போலாம் ரைட்டு" என்றாள். சென்னியப்பன் கண்ணாடியை அவள் தெரியாதபடி மேலே திருப்பி வைத்தார். இன்னும் பத்து வேகத்தடைகள் இருந்தன.